உதவித்தொகைக்கு அம்மாவின் மருந்துச் சீட்டு எதற்கு?

கேள்வி: வணக்கம் மேடம். சாத்தூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பி.காம். முதலாம் ஆண்டு படிக்கிறேன், வயது 18. அப்பா எங்களை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது, எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். இரண்டாம் செமஸ்டர் ஃபீஸ் கட்ட ஒரு டிரஸ்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். என் ஆதார், அம்மா ஆதார், எட்டாவது படிக்கும் தம்பி ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்ப வேண்டுமாம். அப்பா ஏன் போனார் என்று ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். வீட்டில் யாருக்காவது நோய் இருந்தால் டாக்டர் சீட்டும் வைக்க வேண்டுமாம். அம்மா இரண்டு வருடமாக மனநல மாத்திரை சாப்பிடுகிறார், அது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கடைசியாக, வீட்டுக்கு முன்னால் நின்று குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி மூன்று நிமிட வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இதற்கு நடுவில், வேறு ஒரு ஸ்காலர்ஷிப்புக்காக பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் ஏற்கெனவே எல்லாப் பேப்பரையும் கொடுத்துவிட்டேன், ஓடிபி-யும் சொன்னேன். "உதவி கேட்கிறவளுக்கு என்னடி ரோஷம்" என்கிறாள் தோழி. வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் தப்பாக யோசிக்கிறேனா மேடம்?

– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்:

என் மகள் வயசு உனக்கு, அதனால் "நீ" என்றே எழுதுகிறேன்மா. நீ தப்பாக யோசிக்கவில்லை. உன் தோழியையும் குறை சொல்ல மாட்டேன், நம் ஊரில் உதவி என்று போய் நின்றாலே கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றுதான் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஃபீஸ் கட்டப் பணம் கேட்பது வேறு, வீட்டுக்குள் நடப்பதை ஊருக்குக் காட்டுவது வேறு. முதலாவதுக்காக இரண்டாவதைச் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் 26 வருடம் வேலை பார்த்தவள், அதில் பெரும்பகுதி ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில்தான். அங்கே நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு உன் விஷயத்துக்கு வருகிறேன். அப்போதெல்லாம் உதவித்தொகை வந்ததும் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். பெயர், வகுப்பு, அப்பா பெயர், சாதி, ஆண்டு வருமானம், வங்கிக் கணக்கு எண், தொகை என்று எல்லாக் கட்டமும் அதில் இருக்கும், கம்ப்யூட்டரில் இருந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டியது என் கைதான். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் போனபோது ஒரு பெண் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுக் காகிதத்தைத் தன் பெயர் இருந்த வரிக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை இல்லை. டிஃபன் பாக்ஸிலிருந்து எடுத்த சோற்றுப் பருக்கையை விரலால் நசுக்கி நசுக்கித் தடவிக்கொண்டிருந்தாள். என்னம்மா செய்கிறாய் என்று அதட்டலாகத்தான் கேட்டேன். "ரெண்டு வருஷமா யாருக்கும் தெரியாது மேடம், இன்னைக்குக் காலையிலதான் எல்லாருக்கும் தெரிஞ்சது" என்றாள், எது என்று சொல்லவில்லை, அந்தப் பட்டியலில் சாதி எத்தனையாவது கட்டம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே பட்டியலை எடுத்துவிட்டு, பதிவு எண்ணும் "அலுவலகத்துக்கு வரவும்" என்ற ஒரு வரியும் மட்டும் வைத்து ஒட்டினேன். ஆனால் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அதைப் பார்த்தவர்கள் பார்த்ததுதான், அதை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை. அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டுதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

சரி, இப்போது உன் பேப்பர்களுக்கு வருவோம். யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும், இதைத்தான் நிறைய பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள்.

அரசு உதவித்தொகை என்றால் ஆதார் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் கொடுத்த தீர்ப்பு, அரசு கஜானாவிலிருந்து வரும் மானியத்துக்கும் சலுகைக்கும் ஆதார் கேட்கலாம் என்று ஒத்துக்கொண்டது. பணமும் ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பத்தாவதுக்கு மேல் படிக்கிறவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழும் வேண்டும், ஏனென்றால் திட்டமே அந்த அடிப்படையில் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் வருமானச் சான்றிதழும் வேண்டும். இவற்றையெல்லாம் நீ கொடுப்பது அரசுத் தளத்தில், உன் கல்லூரி வழியாக. தமிழ்நாட்டில் இப்போது அது யூமிஸ் தளம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, ஒரு பொறுப்பு இருக்கிறது, தப்பு நடந்தால் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது.

தனியார் டிரஸ்ட் என்றால் கதை வேறு. அதே 2018 தீர்ப்பில்தான், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழி செய்த, ஆதார் சட்டத்தின் 57ஆவது பிரிவின் பகுதியை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆதார் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டோம் என்று ஒரு டிரஸ்ட் சொல்வதற்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. நீயாக விரும்பி அடையாளத்துக்குக் காட்டலாம், அது உன் இஷ்டம். அதிலும் எண்ணை மறைத்துக் காட்டலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

டிரஸ்டுக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும்? நீ அந்தக் கல்லூரியில் படிக்கிறாயா, ஒழுங்காகப் படிக்கிறாயா, ஃபீஸ் எவ்வளவு, கட்ட வசதி இருக்கிறதா இல்லையா, இவ்வளவுதான். முதலாவதுக்கு போனஃபைட் சான்றிதழ், இரண்டாவதுக்கு மார்க் ஷீட், மூன்றாவதுக்குக் கல்லூரி கொடுக்கிற ஃபீஸ் விவரம், நாலாவதுக்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட வருமானச் சான்றிதழ். உன் சாதி எதற்கு? குறிப்பிட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிற டிரஸ்டுகள் உண்டு, அவர்கள் கேட்டால் நியாயம். பொதுவாக எல்லோருக்கும் கொடுக்கிறோம் என்பவர்கள் கேட்டால் "எதற்கு" என்று நீயும் கேட்கலாம். தம்பியின் ஆதாருக்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை, அவனுக்கு 18 ஆகவில்லை, அவன் விவரத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது அம்மா.

பாஸ்புக் விஷயத்தில் ஒரு வழி சொல்கிறேன், என் அனுபவத்தில் மிக நன்றாக நடந்தது இதுதான். டிரஸ்ட் நேராகக் கல்லூரிக் கணக்குக்கே ஃபீஸைக் கட்டட்டும். உன் பெயரையும் பதிவு எண்ணையும் போட்டுக் கல்லூரிக்கு அனுப்பினால் ரசீது உன் கைக்கு வந்துவிடும், உன் கணக்கு எண்ணே அவர்களுக்குத் தேவைப்படாது. நேர்மையான டிரஸ்டுகள் இதைத்தான் அதிகம் விரும்புவார்கள், பணம் ஃபீஸுக்குத்தான் போனது என்று அவர்களுக்கும் நிம்மதி. இல்லை, உன் கணக்குக்குத்தான் போடுவோம் என்றால் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி-யும் போதும். வரவு செலவு இருக்கிற உள்பக்கங்களை யாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்காதே.

இனி டாக்டர் சீட்டு. இதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

அது உன்னுடைய விவரமே கிடையாதும்மா. அம்மாவுடையது. அம்மா சம்மதித்தால்கூட, "பிள்ளை படிப்புக்காக" என்று எதற்கும் தலையாட்டுகிற நிலையில்தான் அவர் இருப்பார், அதை முழு மனசோடு கொடுத்த சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. மருத்துவமனையே வெளியில் சொல்லக் கூடாத ஒன்றை, ஒரு செமஸ்டர் ஃபீஸுக்காக நீ ஏன் முகம் தெரியாத ஒருவர் போனுக்கு அனுப்ப வேண்டும்? அந்த போன் யாருடையது, அதில் இன்னும் யார் கை வைப்பார்கள், அங்கிருந்து எந்த வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும், ஒன்றும் உனக்குத் தெரியாது. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்த ஊர்கள். அம்மா நாளைக்கும் அதே தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் போக வேண்டும், கூட வேலை பார்க்கிறவர்கள் மத்தியில்தான் உட்கார வேண்டும். மருத்துவச் செலவுக்கென்றே உதவி கேட்கும்போது டாக்டர் சீட்டு கேட்பார்கள், அது முறைதான். கல்லூரி ஃபீஸுக்கு அது வேண்டாம்.

அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னதும் அப்படித்தான். அப்பா கூட இல்லை, அவர் வருமானம் வரவில்லை என்பதுதான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஏன் போனார், யாரோடு போனார், குடித்தாரா அடித்தாரா என்பது அவர்களுக்கு எந்த முடிவுக்கும் உதவாது. இதற்கு ஒரு பேப்பர் இருக்கிறது, பல பேருக்குத் தெரிவதில்லை. கணவரால் கைவிடப்பட்ட பெண் என்று தாசில்தார் அலுவலகம் ஒரு சான்றிதழ் கொடுக்கிறது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விசாரித்துத்தான் கொடுப்பார்கள், நாள் ஆகும், வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வராது. ஆனால் இப்போதே அம்மாவை விண்ணப்பிக்கச் சொல், அடுத்தடுத்த வருடங்களுக்கும் இன்னும் பல திட்டங்களுக்கும் உதவும், ஒவ்வொரு இடத்திலும் புதிதாக ஒருவரிடம் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. இந்த விண்ணப்பத்தில் "தந்தை மூன்று ஆண்டுகளாகக் குடும்பத்துடன் இல்லை, தாயின் வருமானம் மட்டுமே" என்று ஒரே வரி எழுது. அது முழு உண்மை. ஒரு பக்கம் எழுதினாலும் அதைவிட அதிகமாக ஒன்றும் நிரூபணம் ஆகப் போவதில்லை.

வீடியோவை நான் ஒரேயடியாக வேண்டாம் என்பேன். டிரஸ்டில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவே இல்லை, நன்கொடை கொடுக்கிறவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்று நினைத்து நல்ல மனசோடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீடியோ எங்கே போகும் என்பது அவர்கள் கையிலும் இல்லை. ஃபேஸ்புக்கில் போடுவார்கள், யாரோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள், அடுத்த வருடம் நன்கொடை திரட்டும்போது மறுபடி வரும். நீ படித்து முடித்து, ஒரு ஆடிட்டர் ஆபீஸிலோ வங்கியிலோ வேலைக்குச் சேர்ந்த பிறகும் அழுதுகொண்டு வாசலில் நிற்கிற 18 வயசுப் பெண்ணாகவே நீ அதில் இருப்பாய். பின்னால் தெரிகிற வீடு, கதவு எண், தெரு, தம்பி எல்லாமே அதில் இருக்கும். சம்மதக் கையெழுத்து என்று சின்ன எழுத்தில் ஒரு வரி பெரும்பாலும் விண்ணப்பத்தின் கடைசியில் இருக்கும், புகைப்படத்தையும் காணொளியையும் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று. அதைத் தேடிப் பார், இருந்தால் பேனாவால் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டுப் பக்கத்தில் உன் கையெழுத்தைப் போடு.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பொய்ச் சான்றிதழ் கொடுத்துப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், டிரஸ்ட் சரிபார்க்கத்தான் வேண்டும். சரிபார்க்க வழியா இல்லை? உன் கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். வருமானச் சான்றிதழின் எண்ணை இ-சேவை தளத்தில் போட்டுப் பார்த்தால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். இன்னும் சந்தேகம் என்றால் ஒருவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசிவிட்டுப் போகட்டும். நேரில் வருகிறவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். வீடியோ அப்படிப் போகாது.

அதனால் நீ அவர்களுக்கு அனுப்ப வேண்டியதை நானே எழுதித் தருகிறேன், உனக்குத் தோன்றுகிறபடி மாற்றிக்கொள்:

"வணக்கம். நான் பி.காம். முதலாம் ஆண்டு மாணவி. இரண்டாம் செமஸ்டர் கட்டணத்துக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கிறேன். போனஃபைட் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கட்டண விவரம், வருமானச் சான்றிதழ் இணைத்துள்ளேன். அடையாளத்துக்கு எண் மறைத்த ஆதார் நகல் இணைத்துள்ளேன். தந்தை மூன்று ஆண்டுகளாகக் குடும்பத்துடன் இல்லை, தாயின் வருமானம் மட்டுமே. தொகையை நேரடியாகக் கல்லூரிக் கணக்கில் செலுத்தினாலும் எனக்குச் சம்மதம். வீட்டில் உள்ளவர்களின் மருத்துவ விவரங்களையும் காணொளியையும் என்னால் தர இயலாது. சரிபார்க்க விரும்பினால் கல்லூரி அலுவலகத்தில் கேட்கலாம், வீட்டுக்கு நேரிலும் வரலாம். ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண்ணையும் தவறாமல் அனுப்பி வைக்கிறேன். என் பெயரையோ படத்தையோ என்னிடம் கேட்காமல் எங்கும் வெளியிட வேண்டாம் என்றும், தேர்வு முடிந்ததும் என் ஆவணங்களை அழித்துவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. சட்டத்தை இழுக்கத் தேவையில்லை என்றுதான் விட்டுவிட்டேன், ஆனால் நீ தெரிந்து வைத்துக்கொள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. விவரம் வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டும், அந்த வேலைக்குத் தேவையானதை மட்டும் வாங்க வேண்டும், கொடுத்தவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே அதைக் காட்டி இன்றைக்கே யாரையும் மிரட்ட முடியாது. மரியாதையாகக் கேட்டாலே பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவம், ஏனென்றால் பல டிரஸ்டுகளில் அந்த விண்ணப்பப் படிவத்தை யாரோ எப்போதோ தயாரித்தது, ஏன் கேட்கிறோம் என்று அவர்களே யோசித்திருக்க மாட்டார்கள்.

எண் மறைத்த ஆதார் என்றேனே, அது ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. இ-ஆதார் டவுன்லோட் செய்யும்போது மாஸ்க்டு ஆதார் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்தால் முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற நகல் வரும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் ஜெராக்ஸை யாருக்கும் கொடுக்காதீர்கள், இந்த மறைத்த நகலைக் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டு, ஜனங்கள் பயந்துபோனதில் இரண்டே நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அறிவிப்பு போனாலும் வசதி அப்படியே இருக்கிறது. அப்புறம், எந்த ஜெராக்ஸ் கொடுத்தாலும் அதன் மேல் குறுக்காக, எழுத்துகள் படத்தின் மேலேயே விழும்படி, "இன்ன டிரஸ்டின் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போடு. ஓரத்தில் எழுதினால் மடித்து ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள், அதனால்தான் குறுக்காக என்கிறேன். மொபைலில் அனுப்புவதாக இருந்தாலும் முதலில் காகிதத்தில் எழுதிவிட்டு அதைப் படம் எடுத்து அனுப்பு.

இப்போது பிரவுசிங் சென்டர். அந்த அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், பிரச்சனை அவரைப் பற்றியதே இல்லை. நீ ஒருமுறை அந்த கம்ப்யூட்டர் திரையை நிதானமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: டெஸ்க்டாப் முழுக்க ஊர்ப் பிள்ளைகள் பெயரில் ஃபோல்டர், திறந்தால் போட்டோ, கையெழுத்து, ஆதார், டிசி, மார்க் ஷீட். வாட்ஸ்அப் வெப்பில் ஊரே அனுப்பிய பேப்பர்கள். மறுபடி தேவைப்படும் என்று அவர் அழிப்பதில்லை. அடுத்து வந்து உட்காருகிறவர் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். நாளைக்கே போய், "அண்ணா, என் ஃபோல்டரை அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்லயும் அழிச்சிடுங்க" என்று சொல்லிப் பக்கத்தில் நின்று பார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அதைவிட முக்கியம், அவர் நிரப்பிய விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று பார். சென்டர்களில் வேலை சுலபமாக முடிய வேண்டும் என்று தங்கள் நம்பரையே போட்டுவிடுவார்கள், மெயில் ஐடியும் அவர்களே உருவாக்கி உன் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று சேர்த்து பாஸ்வேர்ட் வைப்பார்கள், வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி. நம்பர் உன்னுடையதோ அம்மாவுடையதோ என்று மாற்று, மெயில் பாஸ்வேர்டையும் ஸ்காலர்ஷிப் தளத்தின் பாஸ்வேர்டையும் உன் போனிலிருந்தே மாற்று. ஏடிஎம் பின் சொன்னாயா என்று நீ எழுதவில்லை, சொல்லியிருந்தால் அதையும் மாற்று.

ஆதார் ஆணையத்தின் செயலியிலோ தளத்திலோ உன் ஆதாரை எங்கெங்கே பயன்படுத்தினார்கள் என்று கடந்த ஆறு மாத விவரம் பார்க்கலாம், ஒருமுறை பார்த்துவிடு. அங்கேயே கைரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறது. பூட்டினால் யாரும் உன் ரேகையை வைத்துப் பணம் எடுக்க முடியாது. ஆனால் உங்கள் வீட்டில் ரேஷன் கடைக்குப் போய் ரேகை வைக்கிறவர் அம்மா என்றால் அம்மாவுடையதைப் பூட்டும்போது கவனம், கடையில் மெஷின் எடுக்காது, போவதற்கு முன் திறந்துவிட வேண்டியிருக்கும். உன்னுடையதை மட்டும் பூட்டினால் போதும் என்பேன். இனி எந்த சென்டரிலும் எதற்கு என்று திரையில் பார்க்காமல் விரலை வைக்காதே.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், உதவித்தொகைப் பணத்தைத் திருடுகிறவர்களுக்கு முதலில் வேண்டியதே உன்னைப் போன்ற பிள்ளைகளின் பேப்பர்கள்தான். 2020இல் ஜார்க்கண்டில் வெளியே வந்த மோசடியில் தரகர்கள் ஏழைகளிடம் ஆதாரும் கைரேகையும் வாங்கி, அவர்கள் பெயரிலேயே மாணவர் உதவித்தொகையை எடுத்து, கையில் கொஞ்சம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். 2023இல் ஒன்றிய சிறுபான்மையினர் நல அமைச்சகம் 1,572 கல்வி நிறுவனங்களைச் சோதித்ததில் 830 போலியாகவோ இயங்காமலோ இருந்தன, போன பணம் 144 கோடி ரூபாய்க்கு மேல், வழக்கு சிபிஐ-க்குப் போனது. நம் பக்கத்திலும் மாணவர்களின் வங்கிக் கணக்கை வைத்து மோசடிப் பணத்தைக் கைமாற்றுகிறவர்கள் உண்டு, போலீஸ் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில். அதனால் உனக்குத் தெரியாத பணம் கணக்கில் விழுந்தால் எடுக்காதே, யாருக்கும் திருப்பி அனுப்பவும் செய்யாதே, வங்கிக் கிளையில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கு. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே போன் செய்.

அந்த டிரஸ்ட் மாட்டேன் என்று சொன்னால்? சொல்லக்கூடும், அதை மறைத்து உனக்கு நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. பணம் அவர்களுடையது, சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அப்படிச் சொன்னாலும் வீடியோ எடுக்காதே என்றுதான் நான் சொல்வேன், ஏனென்றால் உனக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழகத்திலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உனக்கு வர வேண்டும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது இப்போது உண்டு, வருகிறதா? வரவில்லை என்றால் கல்லூரியில் அதற்கென்று இருக்கிற பொறுப்பாசிரியரைப் பார். போஸ்ட் மெட்ரிக் விண்ணப்பம் யூமிஸில் எந்த நிலையில் இருக்கிறது என்று அலுவலகத்தில் கேள். முதல்வரைப் பார்த்து ஃபீஸை இரண்டு தவணையாகக் கட்ட ஒரு கடிதம் கொடு, கொடுத்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறது, நானே எத்தனையோ கடிதத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். பழைய மாணவர் சங்கம் இருந்தால் அவர்கள் பெரும்பாலும் நேராகக் கல்லூரியிலேயே கட்டிவிடுவார்கள்.

இன்றைக்கு ராத்திரி அம்மா வேலையிலிருந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, டிரஸ்டில் என்னென்ன கேட்டார்கள், நீ எதைக் கொடுக்கப் போகிறாய், எதைக் கொடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிடு. மாத்திரை விஷயத்தை நீ யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொல். நாளைக்கு முதல் வேலையாகக் கல்லூரி அலுவலகத்தில் போனஃபைடுக்கும் ஃபீஸ் விவரத்துக்கும் எழுதிக் கொடு, காலையில் கொடுத்தால் சில இடங்களில் மறுநாள்தான் கையெழுத்தாகும். வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிட்டால் அவர்கள் ஏதாவது கேட்டாலும் பதில் சொல்ல ஒருநாள் இருக்கும். என்ன பதில் வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுது.